கோப்பைக் காட்டுவதா, கையில் கொடுப்பதா?
இணையதளப் பதிவிறக்கமும் மாவட்ட நிர்வாகமும்: சித்தூர், திருப்பதி மாவட்டங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

அரசின் அறிவிப்புகளும் படிவங்களும் சான்றிதழ்களும் காகிதத்தில் மட்டுமே வழங்கப்பட்ட காலம் மாறி, அவற்றுள் பெரும்பகுதி இன்று இணையதளங்கள் வாயிலாக மக்களை எட்டுகின்றது. ஓர் ஆவணத்தை இணையதளத்தில் ஏற்றியவுடன் கடமை முடிந்தது என்று கருதும் வழக்கம் அலுவலகங்களில் பரவலாக உள்ளது. உண்மையில் அதன்பின் ஒரு கட்டம் எஞ்சியிருக்கிறது. இணைப்பை ஒருவர் அழுத்தும்பொழுது, அந்தக் கோப்பு திரையில் விரிகின்றதா, சாதனத்தில் சேமிக்கப்படுகின்றதா, அல்லது திறக்கவே இயலாத பெயருடன் எங்கோ சென்று மறைகின்றதா என்பதே அக்கட்டம். இதைத் தற்செயலுக்கு விட்டுவிடாமல் முறைப்படுத்தும் வழி இணையத்தின் விதிமுறைகளிலேயே உண்டு. அதன் இயல்பையும், மாவட்ட நிர்வாகத்தில் அதன் பயனையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

இரு மாவட்டங்கள், மூன்று மொழிகள்

சித்தூர் மாவட்டம் 1911-இல் அன்றைய சென்னை மாகாணத்தில் அமைக்கப்பட்டது. 1953-இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 2022 ஏப்ரல் 4-ஆம் நாள் ஆந்திரப் பிரதேசத்தில் மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபொழுது, திருப்பதியைத் தலைநகராகக் கொண்ட தனி மாவட்டம் உருவாயிற்று. ஒரே நிர்வாகத்தின்கீழ் இருந்த ஊர்களின் ஆவணங்கள், அந்நாளுக்குப் பின் இரு மாவட்டங்களின் இணையதளங்களில் தேடப்பட வேண்டியவை ஆயின.

இப்பகுதியில் தெலுங்கு ஆட்சிமொழி. எனினும் குப்பம், சத்தியவேடு போன்ற எல்லைப் பகுதிகளில் தமிழ் வழக்கில் உள்ளது. குப்பத்தில் கன்னடமும் புழங்குகிறது. திருமலைக்கு வரும் அடியார்களோ நாட்டின் எல்லா மொழியினரும் ஆவர். எனவே, இங்கு ஆவணங்களை இணையவழி வழங்குவோர் பல மொழிகளையும், பல வகைக் கைபேசிகளையும், கணினிப் பழக்கமே இல்லாதவர்களையும் மனத்திற் கொள்ள வேண்டியுள்ளது.

ஆந்திரப் பிரதேசத்தில் 2011 நவம்பரில் தொடங்கப்பட்ட மீசேவா, மின்கையொப்பமிட்ட சான்றிதழ்களைச் சேவை மையங்களின் வாயிலாக வழங்கும் முறையைக் கொணர்ந்தது. 2015-இல் தொடங்கிய மீபூமி இணையதளம் அடங்கல், 1-பி ஆகிய நிலப்பதிவுகளைப் பொதுமக்கள் தாமே பார்க்க வழிசெய்தது. அடங்கல் என்னும் சொல் சென்னை மாகாண வருவாய்த்துறையின் பொதுச் சொத்து. தமிழக விவசாயிகளும் அதை நன்கு அறிவர். திருமலை திருப்பதி தேவஸ்தானம் தரிசனச் சீட்டுகளை இணையவழி வழங்குவதுடன், தன் நூல்களை மின்னூல்களாகவும் வெளியிடுகின்றது. இவை அனைத்தும் இறுதியில் ஓர் உலாவியின் வழியாகக் கோப்பாக வந்து சேர்பவையே.

வேண்டலும் விடையும்

உலாவி என்பது பயனாளரின் கைபேசியிலோ கணினியிலோ இயங்கும் மென்பொருள். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி ஆகியவை எடுத்துக்காட்டுகள். கோப்புகளைச் சேமித்து வைத்து, கேட்பவருக்கு அனுப்பும் கணினி சர்வர் அல்லது வழங்கி எனப்படும். உலாவி ஒரு முகவரியைக் குறிப்பிட்டு வேண்டல் அனுப்புகின்றது. வழங்கி விடை அனுப்புகின்றது. இப்பரிமாற்றத்துக்கான விதிமுறையே எச்.டி.டி.பி. ஆகும்.

வழங்கியின் விடை இரு பகுதிகளால் ஆனது. முதற்பகுதி தலைக்குறிப்புகள், இரண்டாவது கோப்பின் உள்ளடக்கம். இதனை அலுவலகத் தபாலுடன் ஒப்பிடலாம். உறையின் மீது பெறுநர், பொருள், "மந்தணம்", "அவசரம்" என்னும் குறிப்புகள் இருக்கும். உறையைப் பிரிக்கும் முன்னரே எழுத்தர் அவற்றைப் பார்த்து, தபாலை எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என முடிவு செய்கிறார். உலாவியும் அவ்வாறே தலைக்குறிப்புகளை முதலில் படித்து, உள்ளடக்கத்தை என்ன செய்வது எனத் தீர்மானிக்கின்றது.

இவற்றுள் இரண்டு குறிப்புகள் இங்கு முதன்மையானவை. ஒன்று, கோப்பு எவ்வகையைச் சேர்ந்தது எனக் கூறும் 'கன்டென்ட்-டைப்'. இது படம், இது பிடிஎஃப் ஆவணம், இது இணையப் பக்கம் என அது அறிவிக்கின்றது. மற்றொன்று, கோப்பை என்ன செய்ய வேண்டும் எனக் கூறும் 'கன்டென்ட்-டிஸ்பொசிஷன்'. இரண்டும் முதலில் இணையத்துக்காக உருவாக்கப்பட்டவை அல்ல, மின்னஞ்சலுக்காக உருவானவை. மின்னஞ்சலில் படமும் ஒலியும் பிறமொழி எழுத்தும் அனுப்புவதற்கான மைம் என்னும் முறை 1992-இல் வெளியாயிற்று. இணைக்கப்பட்ட கோப்பைக் கடிதத்தின் உள்ளேயே காட்டுவதா, தனியே வைப்பதா என்பதற்கான குறிப்பு 1995-இல் சோதனை நிலையிலும், 1997-இல் செம்மையான வடிவிலும் வந்தது. உலாவிகள் அதனைக் கையாண்டு வந்தபோதிலும், இணையத்துக்கெனத் தெளிவான தனி வரையறை 2011 ஜூனில்தான் வெளியிடப்பட்டது.

இரண்டு சொற்கள்

கன்டென்ட்-டிஸ்பொசிஷன் குறிப்பில் இடம்பெறும் சொற்கள் இரண்டே. 'இன்லைன்' என்றால், இயலுமானால் உலாவிக்குள்ளேயே காட்டுக என்று பொருள். 'அட்டாச்மென்ட்' என்றால், காட்டாமல் சேமிக்கக் கொடுக்க என்று பொருள். இக்குறிப்பே இல்லையெனில் உலாவி இன்லைன் என்றே கொள்ளும். வழங்கி ஒரே பிடிஎஃப் கோப்பை ஒரு முகவரியில் இன்லைன் எனவும், வேறொரு முகவரியில் அட்டாச்மென்ட் எனவும் அனுப்பலாம். கோப்பில் மாற்றம் எதுவும் தேவையில்லை. உறையின் மேற்குறிப்பு மாறினால் போதும்.

காட்டுக எனச் சொன்னாலும், காட்டும் திறன் உலாவிக்கு இருக்க வேண்டும். பிடிஎஃப் ஆவணங்களைத் தாமே காட்டும் வசதி குரோம் உலாவியில் 2010-லும், ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் 2013-லும் கணினிகளுக்கு வந்தது. ஆண்ட்ராய்டு கைபேசிகளிலோ, நெடுங்காலம் அத்தகைய ஆவணம் பதிவிறக்கமாகவே முடிந்தது. இதன் விளைவு நாம் காணாததன்று. நிலப்பதிவு ஒன்றைப் பார்க்க விரும்பியவர் இணைப்பை மூன்று முறை அழுத்துவார். திரையில் ஒன்றும் தோன்றாது. கைபேசியின் பதிவிறக்கப் பகுதியிலோ ஒரே கோப்பு 1, 2 என எண்ணிட்டு மூன்று படிகளாகக் கிடக்கும். கோப்பு வந்துவிட்டது என்பதை அவர் அறியாததால், சேவை கிடைக்கவில்லை என்று கருதித் திரும்புவார்.

இவ்விடத்தில் ஒரு தவறான கருத்தைக் களைதல் வேண்டும். கோப்பைப் பார்வைக்கு மட்டும் திறந்துவிட்டால் அதனை எவரும் எடுத்துச் செல்ல இயலாது என்று சிலர் கருதுகின்றனர். திரையில் தோன்றும் எதுவும் ஏற்கெனவே பயனாளரின் சாதனத்துக்கு வந்துவிட்டது ஆகும். பார்க்க இயலும் ஒன்றைச் சேமிக்கவும் இயலும். எனவே இன்லைன் என்னும் குறிப்பு பூட்டு அன்று. அது கையாளும் முறையைப் பற்றிய ஓர் அறிவுறுத்தல் மட்டுமே. எவர் பார்க்கலாம் என்பதை அடையாளச் சரிபார்ப்பும் அனுமதி முறையுமே தீர்மானிக்க வேண்டும். பயனாளர் தம் உலாவியின் அமைப்பை மாற்றி, பிடிஎஃப் அனைத்தையும் பதிவிறக்குமாறு செய்துகொள்ளும் உரிமையும் உண்டு என்பதை மறத்தலாகாது.

பொதுக் கணினியில் எஞ்சும் படி

காட்டுவதா, கொடுப்பதா என்னும் வினா சிறிதெனத் தோன்றலாம். ஆனால் சான்றிதழ் விஷயத்தில் அது தனிமனிதரின் பாதுகாப்பைத் தொடும் வினா ஆகின்றது.

சாதிச் சான்று, வருமானச் சான்று, நிலப்பதிவு ஆகியவற்றை மக்களுள் பலர் தம் சொந்தக் கணினியில் எடுப்பதில்லை. சேவை மையத்திலோ கடைத்தெருவிலுள்ள இணைய மையத்திலோ எடுக்கின்றனர். கோப்பு அட்டாச்மென்ட் என வந்தால் அது அக்கணினியின் பதிவிறக்கக் கோப்புறையில் தங்குகின்றது. அச்சிட்டுப் பணம் செலுத்தி வெளியேறியவரின் பெயர், தந்தை பெயர், முகவரி, வருமானம் அனைத்தும் அடுத்து அமர்பவரின் பார்வைக்கு எஞ்சுகின்றன. போலிக் கடன், போலி சிம் அட்டை முதலிய மோசடிகளுக்கு இத்தகைய விவரங்களே மூலப்பொருள்.

கோப்பு இன்லைன் எனத் திரையில் விரிந்து, அங்கிருந்தே அச்சிடப்பட்டால் கோப்புறையில் படி எஞ்சுவதில்லை. ஆயினும் உலாவி தன் தற்காலிக நினைவகத்தில் ஒரு படி வைத்திருக்கலாம். அதனைத் தடுக்க 'கேஷ்-கன்ட்ரோல்' என்னும் தலைக்குறிப்பில் 'நோ-ஸ்டோர்' எனக் குறிப்பிட வேண்டும். ஆனால் நோ-ஸ்டோர் என்பது பதிவிறக்கக் கோப்புறையில் பயனாளர் சேமித்த படியை அழிப்பதில்லை. இவ்விரண்டின் வேறுபாட்டை அலுவலர்கள் அறிந்திருத்தல் நலம்.

மறுபுறம், சொந்தக் கைபேசியில் சான்றிதழ் எடுப்பவருக்குச் சேமிப்பே தேவை. எனவே ஒரே தீர்வு எல்லோருக்கும் பொருந்தாது. 'பார்க்க', 'சேமிக்க' என்னும் இரு பொத்தான்களைத் தனித்தனியே வைத்து, முதலாவதற்கு இன்லைன், இரண்டாவதற்கு அட்டாச்மென்ட் என வழங்குவதே முறை. மின்-ஆதார் கோப்பு கடவுச்சொல்லால் பூட்டப்பட்டு வழங்கப்படுவது இவ்வகையில் நல்ல முன்மாதிரி. படி எஞ்சினாலும் அது உடனே திறக்காது. எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டுள்ள நிலையில், இத்தகைய முன்னெச்சரிக்கையை நிர்வாகத்தின் கடமையாகவே கருதுதல் வேண்டும்.

எவ்வகைக் கோப்புக்கு எம்முறை?

மாவட்ட நிர்வாகத்தில் புழங்கும் கோப்புகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

1. பொது அறிவிப்புகள், ஒப்பந்தப் புள்ளிகள், அரசாணைகள்: இவை படிப்பதற்கு உரியவை. இன்லைன் முறையே ஏற்றது. 2025-இல் சித்தூர் மாவட்டத்தில் தோத்தாபுரி மாங்காய் விலை வீழ்ந்தபொழுது, கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாயும் அரசு 4 ரூபாயுமாக, விவசாயிக்கு 12 ரூபாய் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. இத்தகைய அறிவிப்பின் சொற்களை விவசாயி அழுத்தியவுடன் திரையிலேயே காண முடிதல் வேண்டும். கூடுமானால் அதன் சாரத்தைச் சாதாரண இணையப் பக்கமாகவும் தருதல் சிறப்பு.

2. விண்ணப்பப் படிவங்கள்: இவை நிரப்பி அளிப்பதற்கு உரியவை. அட்டாச்மென்ட் முறையில், தெளிவான பெயருடன் கொடுக்கப்பட வேண்டும்.

3. விரிதாள்களும் புள்ளிவிவரத் தொகுப்புகளும்: பொதுவாக உலாவி இவற்றைக் காட்ட இயலாது. அட்டாச்மென்ட் முறையே உரியது. ஆய்வு மாணவர்களுக்கு இவை மிகுந்த பயன் தருபவை.

4. தனிநபர் சான்றிதழ்கள்: மேலே கூறியவாறு இரு வழிகளும், நோ-ஸ்டோர் குறிப்புடன்.

5. மக்கள் பதிவேற்றும் கோப்புகள்: குறைதீர் மனுவுடன் இணைத்து அனுப்பப்படும் படங்களும் ஆவணங்களும் இவ்வகை. இவற்றை எப்பொழுதும் அட்டாச்மென்ட் எனவே திருப்பித் தர வேண்டும். காரணம் அடுத்துக் கூறப்படுகின்றது.

பதிவேற்றத்தில் உள்ள இடர்

புகைப்படம் எனப் பெயரிட்டு ஒருவர் அனுப்பும் கோப்பினுள் இணையப் பக்கத்துக்குரிய கட்டளைகள் மறைந்திருக்கலாம். அதனை அலுவலர் திறக்கும்பொழுது, உலாவி அதை அரசு இணையதளத்தின் சொந்தப் பக்கமாகவே கருதி அக்கட்டளைகளை நிறைவேற்றக் கூடும். அந்நேரத்தில் அலுவலர் தம் கடவுச்சொல்லுடன் உள்ளே நுழைந்திருப்பாராயின், அவர் பெயரில் செயற்படும் வாய்ப்பு தீயவர் கைக்குச் செல்கின்றது.

இவ்விடர் ஏற்பட ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. வழங்கி கூறும் கோப்பு வகை பல நேரங்களில் தவறாக இருந்ததால், உலாவிகள் உள்ளடக்கத்தின் தொடக்கத்தைத் தாமே ஆராய்ந்து வகையை ஊகிக்கத் தலைப்பட்டன. உதவியாக வந்த அவ்வழக்கம் பாதுகாப்புக் குறையாக முடிந்தது. ஊகிக்காதே எனக் கட்டளையிடும் 'எக்ஸ்-கன்டென்ட்-டைப்-ஆப்ஷன்ஸ்: நோஸ்னிஃப்' என்னும் தலைக்குறிப்பை 2008-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 உலாவிக்காக அறிமுகப்படுத்தியது. இன்று முதன்மையான உலாவிகள் அனைத்தும் இதனை ஏற்கின்றன. சரியான கோப்பு வகை, நோஸ்னிஃப், அட்டாச்மென்ட் ஆகிய மூன்றும், இயலுமாயின் பதிவேற்றங்களுக்கெனத் தனி முகவரியும் சேர்ந்தே முழுமையான காப்பு ஆகும்.

பெயரில் உள்ள சிக்கல்

சேமிக்கப்படும் கோப்புக்கு என்ன பெயர் என்பதையும் அதே தலைக்குறிப்பில் 'ஃபைல்நேம்' என்னும் பகுதி கூறுகின்றது. அது இல்லையெனில் உலாவி முகவரியின் கடைசிப் பகுதியையே பெயராகக் கொள்ளும். அது மென்பொருள் நிரல் ஒன்றின் பெயராக இருந்துவிட்டால், சான்றிதழ் பிடிஎஃப் என்னும் பின்னொட்டு இன்றிச் சேமிக்கப்பட்டு, எந்தச் செயலியாலும் திறக்கப்படாமல் கிடக்கும். இரண்டாண்டுக்குப் பின் வங்கிக் கடனுக்காக அதைத் தேடுபவருக்கு 'டவுன்லோட்' என்னும் பெயரில் இருபது கோப்புகள் கிடைத்தால் பயன் யாது? சான்றின் வகை, மண்டலம், நாள் ஆகியவை பெயரிலேயே இருத்தல் நன்று. ஆதார் எண் போன்ற மந்தண விவரம் பெயரில் இடம்பெறலாகாது.

தெலுங்கு, தமிழ்ப் பெயர்கள் சிதைவதற்கும் காரணம் உண்டு. தலைக்குறிப்புகள் ஆங்கில எழுத்துக்கெனவே முதலில் வகுக்கப்பட்டவை. பிறமொழிப் பெயர்களுக்கு, 'ஃபைல்நேம்' என்பதற்குப் பின் உடுக்குறி இட்ட தனிப் பகுதி ஒன்று வகுக்கப்பட்டது. அதில் பெயரை யூ.டி.எஃப்.-8 முறையில் மாற்றி, ஒவ்வொரு பைட்டையும் விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக எழுத வேண்டும். சித்தூர் என்னும் தமிழ்ச் சொல் ஒருங்குறியில் 8 குறிகளால் ஆனது. தெலுங்கில் எழுதினாலும் அவ்வாறே. ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்டு வீதம் 24 பைட்டுகள். தலைக்குறிப்பில் அது 72 எழுத்துகளாக நீளும். பழைய மென்பொருள்களை உத்தேசித்து, ஆங்கில எழுத்துப் பெயர் ஒன்றையும் உடன் தருமாறு 2011-ஆம் ஆண்டு வரையறை பரிந்துரைக்கின்றது. இவ்வேலையைக் கணினியே செய்யும். அலுவலர் செய்ய வேண்டுவது, தாய்மொழிப் பெயர் சிதையாமல் வருகின்றதா எனச் சோதித்தறிவது மட்டுமே.

பெரிய கோப்புகள்

திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் சப்தகிரி மாத இதழ் தெலுங்கு, தமிழ், கன்னடம், இந்தி, ஆங்கிலம், சமஸ்கிருதம் ஆகிய ஆறு மொழிகளில் வெளிவருகின்றது. பல நூறு பக்கமுள்ள பழைய நூல்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து மின்னூலாக்கினால் கோப்பு மிகப் பெரிதாகின்றது. எடுத்துக்காட்டாக, 60 மெகாபைட் அளவுள்ள நூலை நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் இறக்க 4 நிமிடங்கள் ஆகும். மூன்றரை நிமிடத்தில் தொடர்பு அறுந்தால், வழங்கி முறையாக அமைக்கப்படாவிடில், மீண்டும் தொடக்கத்திலிருந்தே வர வேண்டும்.

எச்.டி.டி.பி. முறையில் கோப்பின் ஒரு பகுதியை மட்டும் வேண்டிப் பெறும் வசதி உண்டு. வழங்கி அதனை ஏற்பதாக அறிவித்தால், விட்ட இடத்திலிருந்து பதிவிறக்கம் தொடரும்; நூல் முழுதும் வரும் முன்னரே முதற்பக்கங்களைக் காட்டவும் இயலும். கோப்பின் மொத்த அளவைக் கூறும் தலைக்குறிப்பு இருந்தால், இன்னும் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதையும் பயனாளர் அறிவார். தரவுக்குக் கணக்கிட்டுச் செலவு செய்யும் ஏழை மாணவருக்கு இவை சிறு வசதிகள் அல்ல.

நிர்வாகம் செய்யத் தக்கவை

மாவட்ட இணையதளங்கள் பல, 1976-இல் நிறுவப்பட்ட தேசியத் தகவலியல் மையத்தின் பொதுக் கட்டமைப்பில் இயங்குகின்றன. அவற்றில் அறிவிப்புக்கு எதிரே 'பார்க்க' என்னும் இணைப்பும் கோப்பின் அளவும் தரப்படுவது வழக்கம். இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகளும் கோப்பின் வகையையும் அளவையும் முன்கூட்டியே தெரிவிக்குமாறு கூறுகின்றன. 2009-இல் முதலில் வெளியான இந்நெறிகளின் மூன்றாம் பதிப்பு 2023-இல் வந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 4-ஆம் பிரிவு, கேளாமலே தகவல்களை வெளியிடும் கடமையை அலுவலகங்கள் மீது சுமத்துகின்றது. திறக்க இயலாத கோப்பு அக்கடமையின் நோக்கத்தை நிறைவேற்றுவதாகாது.

தலைக்குறிப்பை அமைத்தல் வழங்கியின் அமைப்புக் கோப்பில் ஓரிரு வரிகளில் முடியும் வேலை. அதற்குப் புதிய கருவியோ பெருஞ்செலவோ தேவையில்லை. பயனை ஒரு கணக்கால் உணரலாம். ஒரு படிவத்தை 10,000 பேர் எடுப்பதாகவும், குறைபாட்டால் ஒவ்வொருவரும் 3 நிமிடம் இழப்பதாகவும் கொண்டால், மொத்த இழப்பு 500 மணி நேரம். அரசின் கணக்கேடுகளில் இது செலவாகப் பதிவாவதில்லை. மக்களின் கூலியிலும் பயணத்திலும் கழிகின்றது. பொருளியலில் இதனைப் புறச்செலவு என்பர்.

அலுவலர் தாமே சோதிக்கும் முறையும் எளிது. கணினி உலாவியின் உருவாக்குநர் கருவியில் 'நெட்வொர்க்' பகுதியைத் திறந்து இணைப்பை அழுத்தினால், வழங்கி அனுப்பிய தலைக்குறிப்புகள் அனைத்தும் வரிசையாகத் தெரியும். அதனுடன், விலை குறைந்த கைபேசி ஒன்றிலும், சேவை மையக் கணினி ஒன்றிலும் ஒவ்வொரு வகைக் கோப்பையும் ஒரு முறை திறந்து பார்த்தல் போதுமானது. ஆவணம் வேறொரு முகவரியில் வைக்கப்பட்டிருந்தால், பக்கத்தின் இணைப்பில் இடும் 'டவுன்லோட்' குறி செயற்படாது. தலைக்குறிப்பே வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

பொதுமக்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. திருமலைச் சீட்டுகளுக்கெனப் போலி இணையதளங்கள் தோன்றி அடியார்களை ஏமாற்றியுள்ளன. கேளாமலே இறங்கும் கோப்பையும், சான்றிதழ் எனச் சொல்லி வரும் ஏ.பி.கே. என்னும் பின்னொட்டுடைய கோப்பையும் திறத்தலாகாது. பின்னது ஆவணம் அன்று, கைபேசியில் நிறுவப்படும் செயலி ஆகும். ஆந்திர அரசின் முகவரி ஏபி.ஜிஓவி.இன் என முடிகின்றதா எனப் பார்த்தல் முதற்காப்பு.

2025 ஜனவரியில் ஆந்திர அரசு வாட்ஸ்அப் வாயிலாக 'மன மித்ர' என்னும் சேவையைத் தொடங்கிற்று. வழிகள் இவ்வாறு மாறிக்கொண்டே செல்லும். எனினும் சரியான வகை, தெளிவான பெயர், தேவைக்கேற்ற முறை, தனிமறைவுக்குக் காப்பு ஆகிய நான்கும் எவ்வழியிலும் மாறாத் தேவைகள். முன்னாளில் தாலுகா அலுவலகத்தில் படியைக் கையில் கொடுக்கும் எழுத்தர், வாங்குபவர் யார் எனப் பார்த்து, மடித்து, பத்திரமாக வைக்கும்படி சொல்லிக் கொடுத்தார். அக்கவனத்தை இன்று வழங்கியின் ஒரு வரிக் குறிப்பு ஏற்க வேண்டியுள்ளது. அவ்வரியை எழுதச் செய்வது, இணையதளத்துக்குப் பொறுப்பான ஒவ்வோர் அலுவலரின் கடமையாகும்.